மூக்குக்கு ஒரு எஸ்டிமேட்

ஏப்ரல் 24, வெள்ளி

வெயில் தாங்கவில்லை. சமயநல்லூரில் தேர்வுப் பணி இன்றோடு முடிந்தது. குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன். திரும்பும் பஸ்ஸில் நல்லவேளை ஜன்னலோரம் இடம்.

பக்கத்தில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. துண்டால் குழந்தையின் முகத்தை மூடி மூடி வைத்தாள். காற்றில் துண்டு விலகியபோது பார்த்தேன். பிளந்த உதடு. இடது பக்கம். எனக்கும் இடது பக்கம்தான்.

டீச்சர் என்று சொல்லி நானாகத்தான் பேச்சுக் கொடுத்தேன். பயப்படாதே, தைத்தால் சேர்ந்துவிடும், காசில்லாமல் செய்கிற இடங்கள் இருக்கின்றன, எனக்கும் கைக்குழந்தையில் மிஷன் ஆஸ்பத்திரியில் தைத்ததுதான் என்றேன். மேல் உதட்டுக் கோட்டைத் தொட்டுக் காட்டினேன். இதுவரை யாருக்கும் நானாகக் காட்டியதில்லை. அவள் நன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"உதடு சேந்துருச்சு டீச்சர். மூக்கை மட்டும் ஏன் அப்படியே விட்டுட்டாக?"

குத்தலாகக் கேட்கவில்லை. தன் பிள்ளைக்காகக் கேட்டாள்.

பெரியவளானதும் மறுபடி வா, சப்பையான பக்கத்தை நிமிர்த்தலாம் என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் இருந்தார்கள். அப்பாவுக்கு மிஷன் பள்ளியில் காவல் வேலை. "அதெல்லாம் நமக்கு ஆகாது" என்றார். அதோடு சரி. எவ்வளவு ஆகும் என்று அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வயது ஐம்பத்தெட்டு.

கேஸ் புக் செய்ய வேண்டும். துவரம்பருப்பு. பூச்சி மருந்து.

எவ்வளவுதான் இருக்கும்?


ஏப்ரல் 26, ஞாயிறு

ஆராதனை முழுக்க மூக்குகளைத்தான் பார்த்தேன். எத்தனை விதம். ஆயருக்குக் கிளி மூக்கு. அவர் மனைவிக்குப் பொத்தான் மாதிரி. முப்பது வருடமாகப் பார்க்கிற முகங்கள், இன்றுதான் கவனித்தேன்.

மதியம் போனில் தேடினேன். ஓரிடத்தில் நாற்பதாயிரம், ஓரிடத்தில் இரண்டரை லட்சம். ஒரே மூக்குக்கு எப்படி இத்தனை வித்தியாசம்? சில இடங்களில் "விலைக்கு அழைக்கவும்". தேடியதிலிருந்து போனுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. சமையல் வீடியோ பார்த்தாலும் நடுவில் மூக்கு விளம்பரம்.

மல்லிகாவுக்கு மட்டும் சொன்னேன். எங்கள் பள்ளித் தமிழ் டீச்சர், பழங்காநத்தத்தில் வீடு. சிரிப்பாள் என்று நினைத்தேன். "விசாரிக்கிறதுக்குக் காசா பணமா டீச்சர்? வாங்க, நான் கூட வாரேன்" என்றாள்.

வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. விசாரிக்கத்தானே.


ஏப்ரல் 29, புதன்

திருவிழாக் கூட்டம். ஆற்றுப் பாலம் அடைப்பு. கோச்சடையிலிருந்து பைபாஸ் ரோடு போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆயிற்று. இவரிடம் துணி எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஏசி, பல் கிட்டிப்போகிற குளிர். திவ்யா என்று ஒரு பெண், எங்கள் மகள் ஷீபா வயதுதான் இருக்கும். டாக்டர் இல்லை, ஆலோசகராம்.

"ஆஃபர் போயிட்டிருக்கு மேடம். மூக்கு வெறும் எழுபத்தஞ்சாயிரம்தான்."

"அதுக்குள்ள என்னென்ன வருது?"

"எல்லாமே இன்க்ளூடட் மேடம்."

"மயக்க மருந்து டாக்டருக்கு?"

"அது மட்டும் தனி."

"ரத்த டெஸ்ட், ஈசிஜி?"

"அது லேப்ல நீங்க பண்ணிக்கணும்."

"ரூம்?"

"ரூம் தனி மேடம்."

மல்லிகா பொறுக்கமாட்டாமல், "அப்ப எதும்மா உள்ள வருது?" என்று கேட்டுவிட்டாள். திவ்யாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பெண். சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாள்.

உதட்டுத் தழும்பு வேறு சிகிச்சையாம், வேறு விலை. மேலே பதினெட்டு சதவீதம் வரி. மூக்கு சரியாக அமையாவிட்டால் மறுபடி செய்வதற்கு இன்னொரு பேக்கேஜ். மல்லிகா கையிலிருந்த கவரின் பின்புறம் கூட்டிக்கொண்டே வந்தாள். எழுபத்தைந்து, ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நின்றது.

"டாக்டரைப் பாக்கலாமா?"

"சார் சென்னைலருந்து ஆபரேஷன் அன்னிக்கு வருவாரு மேடம். வேணும்னா வீடியோ கால் அரேஞ்ச் பண்றேன்."

பிறகு என்னைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் திருத்திக் காட்டினார்கள். நேர்மூக்கு. கோடு இல்லாத உதடு. கன்னத்தில் இருந்த மங்குத் திட்டையும் கேட்காமலே எடுத்திருந்தார்கள். பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னேன். அவளுக்கே அலுத்திருக்கும். அழகாகத்தான் இருந்தது அந்த முகம். எனக்குச் சித்தி மகள் இருந்திருந்தால் அப்படி இருந்திருப்பாள்.

இன்றே அட்வான்ஸ் கட்டினால் பத்தாயிரம் குறையுமாம். கட்டவில்லை. என் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டாள்.

வெறுங்கையோடு போக முடியாதென்று ஒரு உள்பாவாடை வாங்கினேன்.


ஏப்ரல் 30, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

குளித்துவிட்டு வருகிறேன், இவர் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். முகம் வெளுத்திருந்தது.

"ராணி, ஒரு பொண்ணு பேசுச்சு. மேடம் மூக்கு புக் பண்றாங்களான்னு கேக்குது."

சொன்னேன், பஸ்ஸிலிருந்து எல்லாவற்றையும்.

"யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலங்க."

"பின்ன எதுக்கு இந்த வயசுல? மயக்க மருந்து குடுத்து எந்திரிக்கலேன்னா?"

"எவ்வளவு ஆகும்னுதான் கேட்டேன்."

"கேட்டா அடுத்து அதானே?"

மொட்டை மாடிக்குப் போய்விட்டார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடும் சத்தம். இவருக்குக் கோபம் வந்தால் தொட்டியைத்தான் பார்ப்பார். மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்தில் மீட்டர் பெட்டி. ஓய்வுபெற்ற பிறகு தொட்டி. கல்யாணமான நாளிலிருந்து என் உதட்டைப் பற்றியோ மூக்கைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசியதில்லை இவர். நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து ஷீபா. அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். முதலில் கேலி. "அடுத்து என்னம்மா, முடிக்குக் கலரா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா? எல்கேஜி படிக்கிறப்ப நான் பேனாவால என் உதட்டு மேல கோடு போட்டுக்குவேன். அம்மான்னா எல்லாருக்கும் அது இருக்கும், பெரியவளானா எனக்கும் வரும்னு நெனைச்சேன்."

எனக்குத் தெரியாது. சாம்பாரில் புளி கூடிப்போனது.

"பண்ணணும்னா பண்ணுங்கம்மா. ஆனா டாக்டரைப் பாக்காம காசு கட்டாதீங்க."


மே 5, செவ்வாய்

மல்லிகாவின் கொழுந்தன் பைக்கிலிருந்து விழுந்து முகம் கிழிந்தபோது தைத்த டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். டாக்டர் நசீமா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. பெரிய கட்டடமில்லை; காத்திருக்கிற இடத்தில் மின்விசிறி லொடலொடவென்று. இவரும் வந்தார். "சும்மா வண்டி ஓட்டத்தான் வாரேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு.

டாக்டர் முதலில் கேட்டது, "தொடலாமா?"

மூக்கை இருபுறமும் தொட்டுப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தார். பிறகு சில்லென்று ஓர் எவர்சில்வர் தகட்டை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடிக்கொண்டு மூச்சுவிடச் சொன்னார். தகட்டில் ஆவி படிந்தது. ஒரே ஒரு வட்டம், வலது பக்கம்.

"இடது பக்கம் எப்ப இருந்து அடைச்சிருக்கு?"

"அடைச்சிருக்கா? இல்லையே டாக்டர்."

"ரெண்டு பக்கமும் மூச்சு வருதா?"

"எல்லாருக்கும் ஒரு பக்கம்தானே வரும்?"

அவர் தகட்டைத் துடைத்தார், தன் மூக்குக்குக் கீழே பிடித்தார், என்னிடம் காட்டினார். இரண்டு வட்டம்.

ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் சுவாச மண்டலம் நடத்துகிறேன். கரும்பலகையில் படம் வரைந்து இரண்டு துளை போடுவேன். ஒரு துளை காட்சிக்கு, ஒரு துளை வேலைக்கு என்று நினைத்தேனா? அப்படிக்கூட நினைக்கவில்லை. நினைத்தே பார்க்கவில்லை.

உதடு பிளந்து பிறந்தால் உள்ளே மூக்குத் தண்டும் வளைந்துவிடுமாம். வெளியே தெரிகிற கோணல் அதன் மிச்சம்தானாம்.

அப்புறம் பணம். டாக்டரே பேசினார், அதுவே எனக்கு ஆச்சரியம். ஒரு தாளில் நடுவே கோடு போட்டார். இடது பக்கம் மூச்சுக்கான வேலை: வளைந்த தண்டை நேராக்குவது. வலது பக்கம் தோற்றத்துக்கான வேலை: மூக்கு நுனியை உயர்த்துவது, உதட்டுத் தழும்பை வெட்டித் திரும்பத் தைப்பது. ஒவ்வொன்றுக்கும் கீழே அறுவை செய்பவர், மயக்க மருந்து, தியேட்டர், மருந்து, ரூம். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து எண்பதாயிரம். ரத்த அழுத்தம், சர்க்கரை ஏதாவது படுத்தினால் கூடும் என்று அதையும் சொன்னார்.

"வரி எவ்வளவு டாக்டர்? அங்கே பதினெட்டு சொன்னாங்க."

"உங்களுக்குக் கிடையாது டீச்சர். அழகுக்கு மட்டும்னா வரி உண்டு. பிறவிக் குறையைச் சரி பண்றதுக்கு இல்ல."

பிறவிக் குறை. அந்த வார்த்தையால் முதன்முறையாக ஒரு லாபம்.

"கோடு போயிருமா?"

"போகாது. மெலிசாகும், நேராகும். போயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

தாளில் இல்லாத செலவுகளையும் சொன்னார். மூக்குக்குக் காதிலிருந்து குருத்தெலும்பு எடுப்பார். சின்ன வயதுக்காரர்களுக்கு விலாவில் எடுப்பதுண்டாம், என் விலாக் குருத்து இந்நேரம் எலும்பாகியிருக்கும். ஒரு வாரம் கஞ்சி, கூழ். ஒரு மாதத்துக்கு மேல் மூக்குக் கண்ணாடி மூக்கில் உட்காரக் கூடாது. "பின்ன எப்படிப் படிக்கிறது?" என்றால், கண்ணாடியை நெற்றியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டிக்கொள்வார்களாம்! வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம். கூட ஓர் ஆள் வேண்டும்.

"ஆள் இருக்கேன்" என்றார் இவர். வண்டி ஓட்ட மட்டும் வந்தவர்.


மே 6, புதன்

ஃப்ரிட்ஜில் நாலு கரண்டி, டாக்டரின் தகட்டுக்குப் பதில்.

காலையிலிருந்து அகப்பட்டவர்களுக்கெல்லாம் சோதனை. பால்காரருக்கு இரண்டு வட்டம். மல்லிகாவுக்கு இரண்டு. "எனக்கு ஒண்ணு கொஞ்சம் சின்னது டீச்சர், டாக்டரைப் பாக்கணுமா?" என்று பயந்துவிட்டாள். சளி, வேறொன்றுமில்லை. எனக்கு மறுபடி மறுபடி ஒன்றுதான். எத்தனை முறை செய்தாலும் அலுக்கவில்லை.

கடைசியில் இவர். "என்னய்யா இது பள்ளிக்கூட லேபா" என்று முனகிக்கொண்டே ஊதினார். ஊதக் கூடாது, சும்மா விடுங்க என்றேன். இரண்டு வட்டம், பெரிது பெரிதாக. கரண்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றார். ஆவி காய்ந்து போகும்வரை.

"அதான் வாயைத் திறந்துக்கிட்டு தூங்குறியா? நான் என்னத்தையோ கேலி பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன்."

சாப்பிடும்போது சொன்னார்: "மூச்சுக்குன்னா பண்ணித்தானே ஆகணும். வீட்டுக்கு வெள்ளையடிக்க வச்ச காசு இருக்கு. சுவரு ஓடியா போகப் போகுது?"

காப்பீட்டு அட்டை எங்கே? பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில். நாளை ஆஸ்பத்திரியில் கொடுத்து அனுமதிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.


மே 10, ஞாயிறு

செய்தி பரவிவிட்டது. இவர்தான் பரப்பியிருக்கிறார். பெண்கள் ஐக்கியத்தில் எனக்காக ஜெபம். "எங்கள் சகோதரியின் சுவாசத்துக்காக." எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு அன்பு. எவ்வளவு நிம்மதி எல்லோருக்கும், மூச்சு என்றதும்.

பஸ்ஸில் அந்தப் பெண் கேட்டது மூச்சையா? நான் கேட்கக் கிளம்பியது மூச்சையா?

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆமென் சொன்னேன்.


மே 11, திங்கள்

காப்பீட்டிலிருந்து பதில். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்கள். தண்டு வளைவு, மூச்சடைப்பு: உண்டு, முக்கால்வாசி கிடைக்கும். மூக்கு நுனி, உதட்டுத் தழும்பு: தோற்றத்துக்கானது, கிடையாது.

வரிக்காரர்களுக்கு என் உதடு பிறவிக் குறை. காப்பீட்டுக்காரர்களுக்கு அதே உதடு அழகு சாதனம். இரண்டு பேரும் என்னைப் பார்த்ததில்லை.

இவர் கணக்குப் போட்டார். மூச்சு மட்டும் என்றால் கையிலிருந்து இருபதாயிரத்துச் சொச்சத்தில் முடியும். மற்றதும் சேர்த்தால் மேலே தொண்ணூற்றைந்து.

"அப்ப மூச்சை மட்டும் பாத்துக்குவோம். என்ன சொல்ற?"

"சரிங்க."

நியாயமான முடிவு. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு துணி மடித்தேன், கீரை ஆய்ந்தேன், கீரையைக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்டைச் சட்டியில் போட்டேன். ஏன் இவ்வளவு ஏமாற்றம்? சரி என்று சொன்னது நான்தானே. மூச்சு கிடைக்கப் போகிறது. அதற்குச் சந்தோஷப்படாமல் இருக்க முடிகிறதே, அதுதான் வினோதம்.


மே 13, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

தேதி குறிக்கப் போனோம். கடும் புழுக்கம். டாக்டர் தாளை எடுத்தார், வலது பக்கத்தை அடிக்கப் பேனாவைத் திறந்தார். சும்மா, உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டார்.

"உதடும் நுனியும் வேண்டாம். சரிதானே?"

இவர், "ஆமாங்க டாக்டர்" என்றார்.

நான், "வேணும்" என்றேன்.

சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. இவர் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் பேனாவை மூடவில்லை. "டீச்சர், அதனால மூச்சுக்கு ஒரு உபயோகமும் இல்ல. தெரியும்ல?"

"தெரியும் டாக்டர். பாக்கிறதுக்குத்தான். அழகுக்குத்தான் கேக்கிறேன்."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. டாக்டர் தலையை ஆட்டினார், தாளை அப்படியே வைத்துக்கொண்டார். "ஒரே மயக்கத்துல ரெண்டையும் செஞ்சா தியேட்டர் செலவு ஒரு தடவைதான். அப்புறம் தனியா வந்தா இதைவிடக் கூடத்தான் ஆகும்" என்று மட்டும் சொன்னார். எனக்காகச் சொன்னாரா, இவருக்காகச் சொன்னாரா தெரியவில்லை.

வெளியே வந்தோம். இவர் வண்டியை எடுக்கவில்லை. எதிர்க்கடையில் இரண்டு பன்னீர் சோடா சொன்னார். கடைக்காரர், "அண்ணே, ஐஸ் போடவா?" என்று கேட்டதுகூட இவர் காதில் விழவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன்.

"கேட்டிருந்தா அப்பவே பண்ணியிருக்கலாமே ராணி. வேலைக்குச் சேந்த புதுசுலயே."

"எனக்கு வேணும்னு எனக்கே தெரியாதுங்க."

பாதி சோடா குடித்தார்.

"நான் அதைப் பத்திப் பேசுனதே இல்ல. பேசுனா, இவன் இதையேதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கான்னு நீ நெனைச்சுருவியோன்னுதான். வேற ஒண்ணும் இல்ல."

"நீங்க பாக்கவே இல்லையோன்னு நான் நெனைச்சேன்."

"பாக்காம?" என்றார். "இம்புட்டு வருசமா எதுத்தாப்ல உக்காந்து சாப்புடுறேன், பாக்காம?"

இவர் சட்டைப்பையைத் தடவி, "சில்லறை இருக்கா?" என்று கேட்டார். கொடுத்தேன். வண்டியில் வரும்போது தோளைப் பிடித்துக்கொண்டேன்.

தேதி: 19, செவ்வாய். வெள்ளையடிப்பது அடுத்த வருடம்.


மே 18, திங்கள்

அட்மிட். பை: இரண்டு நைட்டி, துண்டு, வேதாகமம், ஃப்ளாஸ்க், உறிஞ்சுகுழல், ஒட்டிக்கொள்ளப் பிளாஸ்டர்.

சர்க்கரை சரி. ரத்த அழுத்தம் கொஞ்சம் மேலே. மயக்க மருந்து டாக்டர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டார்: பல்செட் உண்டா, வீசிங் உண்டா, பயம் உண்டா. கடைசிக்கு மட்டும் உண்டு என்றேன்.

ஷீபா லீவு போட்டு வந்துவிட்டாள். அவளும் அப்பாவும் வராந்தாவில் குசுகுசு.

ஒருவேளை ஏதாவது ஆனால்? பீரோ சாவி அரிசி டப்பாவில். பென்ஷன் தாள்களெல்லாம் நீலப் பையில். அவ்வளவுதான், வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தேன். வருத்தமா என்று தேடினேன். இல்லை. நல்ல முகம்தான். என்னோடு ரொம்ப நாள் இருந்தது.


மே 22, வெள்ளி

எழுத்து கோணுகிறது. கண்ணாடி நெற்றியில் ஒட்டியிருக்கிறது, அசைந்தால் எழுத்து ஓடுகிறது.

உயிரோடு இருக்கிறேன். கண் இரண்டும் வீங்கி, கீழே கருநீலம். மூக்கு மேல் கட்டு, உள்ளே ஏதோ தகடு. காதுதான் அதிகமாக வலிக்கிறது, அதைப் பற்றி யாருமே நினைக்கவில்லை. இப்போதைக்கு இரண்டு பக்கமும் அடைப்பு. கைக்காசு கொடுத்து இருந்ததையும் இழந்த கதை.

பில் வந்தது. எஸ்டிமேட்டைவிடக் கொஞ்சம் கூட. ரத்த அழுத்தம் ஏறி ஓர் இரவு அதிகமாக வைத்திருந்தார்கள், அதுதான். முன்பே சொல்லியிருந்ததால் கோபம் வரவில்லை. இவர் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்துவிட்டுக் கட்டினார்.

இவர் காய்ச்சும் கஞ்சியில் உப்பே இல்லை. சொல்லவும் முடியாது, உதட்டில் தையல். விரலால் காற்றில் "உ" என்று எழுதிக் காட்டினேன். "உளுந்தா?" என்றார்.


மே 28, வியாழன்

கட்டுப் பிரித்தாயிற்று.

உள்தகட்டை உருவும்போது மூளையே கூட வருகிற மாதிரி இருந்தது. பிறகு டாக்டர் அதே எவர்சில்வர் தகட்டை எடுத்தார். "மெதுவா விடுங்க."

இரண்டு. ஒன்று பெரிது, ஒன்று மங்கல். ஆனால் இரண்டு.

இடது பக்கம் காற்று நுழைவது குளிர்ச்சியாக, கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அறைக்குள் ஆளில்லாத பக்கத்தில் யாரோ கதவைத் திறந்த மாதிரி. எல்லோரும் பிறந்ததிலிருந்து இப்படியா இருக்கிறார்கள்? இதை வைத்துக்கொண்டா எரிச்சல்படுகிறார்கள், சண்டை போடுகிறார்கள்?

முகம் காட்டினார்கள். அழகு என்று சொல்ல முடியாது. உருளைக்கிழங்கு மாதிரி வீக்கம், உதட்டுக் கோடு செக்கச்செவேலென்று முன்னைவிடப் பளிச்சென்று. பயந்துதான் போனேன். சிவப்பு வடிய மாதங்கள் ஆகும் என்றார் டாக்டர். ஆனால் நுனி நடுவில் நிற்கிறது. இரண்டு துளையும் ஒரே மட்டத்தில்.

இவர், "கொஞ்சம் இப்படித் திரும்பு" என்றார். திரும்பினேன். "இப்ப அப்படி." ரொம்ப நேரம், எதையும் மறைக்காமல், பார்த்தார். "நல்லா தச்சிருக்காங்க" என்றார். அவருக்கு அதற்கு மேல் வராது.

திரும்பும்போது வைகைப் பாலத்தில் சாக்கடை நாற்றம் குப்பென்று அடித்தது. இவ்வளவு நாறுமா இது? "இதுக்கா இம்புட்டுக் காசு குடுத்தோம்" என்றேன். சிரித்தால் தையல் இழுத்தது.


ஜூன் 14, ஞாயிறு

நேற்று இரவு மழை. மாடியில் தண்ணீர் தேங்கியிருந்தது, இவர் காலையிலேயே துடைப்பத்தோடு ஏறிவிட்டார்.

பள்ளி திறந்து நன்றாகவே போகிறது. தலைமையாசிரியை, "மூச்சு எப்படி இருக்கு?" என்றார். நன்றாக இருக்கிறது, உதடும் சேர்த்துத்தான் செய்தேன் என்றேன். ஒரு நொடி விழித்தார். "அப்படியா, எவ்வளவு ஆச்சு?" என்று கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். அவருக்கு இமைக்குக் கீழே பை விழுகிறதாம். முதலில் டாக்டரைப் பாருங்க, எது உள்ளே வருது எது தனின்னு கேளுங்க, அப்புறம் காசைப் பேசுங்க என்றேன்.

ஷீபா வந்திருக்கிறாள். கைப்பையிலிருந்து லிப்ஸ்டிக். டாக்டர் போடலாம் என்று சொல்லிவிட்டார், அதை அவளே போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள். நான் வாழ்நாளில் போட்டதில்லை. உதட்டில் கலர் பட்டால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும் என்று கல்யாணத்தன்றுகூட வேண்டாம் என்றுவிட்டேன்.

"அசையாதீங்கம்மா."

அசையவில்லை. நாவல்பழக் கலர், லேசாக. கோடு தெரிந்தது, அதன் மேலும் கலர் ஏறியிருந்தது. உதடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து முடிந்தது. கண்ணாடியை அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"துடைச்சிரவா?" என்று கேட்டாள்.

மாடியிலிருந்து இவர் குரல்: "ராணி, காப்பிக்குப் பால் இருக்கா?"

இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினேன். தெருவில் ஈரம், பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கிற வாசனை. அண்ணாச்சி கடையில் நாலைந்து பேர். அண்ணாச்சி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், எதும் விசேசமா?"

"விசேசம்லாம் இல்ல அண்ணாச்சி. பால் வாங்க வந்தேன்."